பௌதிகவியல் படிக்கிறன், எந்தக் கணினிப் பாடம் எடுக்கலாம்?

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். யாழ்ப்பாணம் திருநெல்வேலியில பௌதிகவியல் இரண்டாம் வருசம் படிக்கிறன். அடுத்த செமஸ்டருக்குக் கணினி விஞ்ஞானத்தில இரண்டு தெரிவுப் பாடம் எடுக்கோணும். தரவுக் கட்டமைப்பு கட்டாயம் எடுப்பன். மற்றது எண்சார் முறைகளோ, தரவுத்தளமோ எண்டுதான் குழப்பம். தரவுத்தளம் படிச்சா வேலை கிடைக்கும் எண்டு வீட்டில சொல்லினம். எனக்கு ஆசை சிமுலேசனில, அதாவது இயற்கையில நடக்கிறதைக் கணினியில நடத்திப் பாக்கிறதில. 1953இல வந்த மெட்ரோபோலிஸ் முறையை (எழுந்தமான எண்களை வைச்சு சிமுலேசன் செய்யிற வழி) பைதனில எழுதி, ஐசிங் மாதிரியில (காந்தத்தைக் கட்டம் கட்டமா நிக்கிற குட்டிக் காந்தங்களாக் காட்டுற மாதிரி) வெப்பநிலை கூடக் கூடக் காந்தத்தன்மை குலையிறதைத் திரையில பாத்த அண்டைக்கு நித்திரையே வரேல்லை. ஆனா 200க்கு 200 கட்டம் போட்டவுடன புரோகிராம் ஊரத் தொடங்கீட்டுது. இதுக்கு சி++ படிக்கோணுமோ, பைதனே காணுமோ? பௌதிகத்தில இருந்து கணினிப் பக்கம் போன ஆக்கள் ஒருக்காச் சொல்லுங்கோ. வெள்ளிக்கிழமைக்குள்ள படிவம் குடுக்கோணும்.