படுத்த படுக்கையானவருக்கு அரசு இல்லமா, தனியார் இல்லமா?

திருப்பாதிரிப்புலியூரான்:
பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துபோனவர், வயது 78. புரண்டு படுக்கக்கூட ஆள் வேண்டும். கடலூர், புதுச்சேரி இரண்டு பக்கமும் முதியோர் இல்லம் பார்க்கிறோம். காசு கட்டும் இடத்தில்தான் கவனிப்பு நன்றாக இருக்கும் என்கிறார்களே, நிஜமா? போனால் எதைப் பார்ப்பது?

கோரிமேடு நர்ஸ்:
டைல்ஸ், ஏசி எல்லாம் பார்க்காதீங்க. ராத்திரி 10 மணிக்கு மேல எத்தனை பேர் டியூட்டின்னு கேளுங்க. இவரை 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும். புரட்டி, டயப்பர் மாத்த 10 நிமிஷம்னு வையுங்க. இந்த மாதிரி 20 பேருக்கு ஒரே ஆள்னா ஒரு சுத்துக்கே 200 நிமிஷம். எப்படி நடக்கும்? புரட்டின நேரத்தை எழுதுற நோட்டுல மட்டும் நடக்கும். அந்த நோட்டை வாங்கிப் பாருங்க: 12, 2, 4ன்னு ராத்திரி பூரா ஒரே மையில, ஒரே வேகத்துல எழுதியிருந்தா விடியக்காலைல மொத்தமா நிரப்பினது.

புரட்டாம விட்டா வர்ற படுக்கைப் புண் முதல்ல வர்ற இடம் வால் எலும்பும் குதிகாலும். நம்ம நிறத்துல சிவப்பு சட்டுனு தெரியாது. தொட்டா சுடுதா, கெட்டியா இருக்கான்னு பார்க்கணும். காத்து மெத்தை போட்டாச்சு, புரட்ட வேண்டாம்னு சொல்ற இடத்துல சேர்க்காதீங்க. கரண்ட் போனா அந்த மெத்தைக்குக் காத்தடிக்கிற மோட்டாரும் நின்னுடும். 2011 டிசம்பர்ல தானே புயல் அடிச்சப்போ கடலூர்ல எத்தனை நாள் இருட்டுன்னு ஊருக்கே தெரியும். ஜெனரேட்டரை ஓட்டிக் காட்டச் சொல்லுங்க.

மஞ்சக்குப்பம் வாசி:
தலைப்பில் அரசு இல்லமா என்கிறீர்கள், அதில் ஒரு திருத்தம். 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்லும் அரசு இல்லம் ஆதரவற்றவர்களுக்கானது. மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 பேருக்கு. பிள்ளைகள் வசதியாக இருந்தால் அங்கே இடம் கேட்பதே சரியில்லை. அரசு இல்லம் என்று பேச்சில் சொல்வதில் பல, மானியம் வாங்கித் தொண்டு நிறுவனங்கள் நடத்துபவை. மானியம் தாமதமானால் அட்டெண்டர் சம்பளமும் இழுக்கும், ஆள் நிற்கமாட்டார். தனியாரில் வேறு வம்பு: டயப்பர், பிசியோதெரபி, ஆஸ்பத்திரியில் கூட இருக்கும் ஆள், எல்லாம் தனிக் கணக்கு. முன்பணம் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்குங்கள். புகார் என்றால் முதியோர் உதவி எண் 14567.

உப்பளம்:
சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் போங்கள். பக்கவாதக்காரருக்கு விழுங்குவது சிரமம். படுக்கவைத்து ஊட்டினால் சோறு நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும். நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு கரண்டியால் ஊட்டி, முடிந்தபின் அரை மணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். மாதாமாதம் எடை போடுகிறார்களா என்றும் கேளுங்கள். 60 கிலோ ஆள் ஒரே மாதத்தில் 3 கிலோ இறங்கினால் தட்டு வருகிறது, சோறு வாய்க்குள் போகவில்லை என்று சந்தேகப்படலாம்.