விமானப் பயணம்: கிலோமீட்டர் கணக்கும் மணிக்கணக்கும்

புதிதாக வெளிநாட்டில் குடியேறியவர்களில் பலர், இரண்டு நகரங்களுக்கு இடையிலான தொலைவைத் தேடி எடுத்து, அதை விமானத்தின் வேகத்தால் வகுத்துப் பயண நேரத்தை முடிவு செய்துவிடுகிறார்கள். பயணிகள் விமானம் நடுவானில் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதால், இந்தக் கணக்கு தோராயமாகப் பொருந்தும். ஆனால் விடுப்புக்கு எழுதிக் கொடுக்கவோ, இணைப்பு விமானத்தைத் தேர்ந்தெடுக்கவோ இது போதாது.

ஒரே தொலைவு போகும்போது ஒரு நேரத்தையும் வரும்போது வேறொரு நேரத்தையும் எடுத்துக்கொள்ளும். நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 5,550 கிலோமீட்டர். கிழக்கு நோக்கி லண்டனுக்குச் செல்ல ஏறத்தாழ 7 மணி நேரமும், திரும்பி வர ஏறத்தாழ 8 மணி நேரமும் ஆகின்றன. விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டமே இதற்குக் காரணம்; குளிர்காலத்தில் அது மேலும் வலுப்பெறுகிறது.

வான்வெளி அனுமதியும் நேரத்தை மாற்றும். 2022-ஆம் ஆண்டில் ஐரோப்பிய விமான நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபின், ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோ செல்ல முன்பு ஒன்பதரை மணி நேரம் அளவில் ஆன பயணம், சுற்றுவழியால் 13 மணி நேரம் வரை நீண்டது. நகரங்கள் இரண்டும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன! ஆகவே பழைய பதிவுகளில் காணப்படும் பயண நேரத்தை நம்பாமல், நீங்கள் பயணம் செய்யவிருக்கும் தேதிக்குரிய கால அட்டவணையையே பாருங்கள்.

அந்த அட்டவணையைப் படிப்பதில்தான் குழப்பம் மிகுதி. பயணச்சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் அச்சிடப்படுவதால், இரண்டையும் நேரடியாகக் கழித்தால் விடை தவறும். ஜனவரியில் டோக்கியோவிலிருந்து மாலை 5 மணிக்குப் புறப்பட்டு, அதே நாள் காலை 10 மணிக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் சேர்வதாகச் சீட்டில் இருந்தால், அது அச்சுப்பிழை அன்று. இரு நேரங்களையும் உலகப் பொது நேரத்துக்கு (UTC; ஜனவரியில் டோக்கியோ இதைவிட 9 மணி நேரம் முன்னே, லாஸ் ஏஞ்சல்ஸ் 8 மணி நேரம் பின்னே) மாற்றினால் புறப்பாடு காலை 8, வருகை மாலை 6. பயணம் 10 மணி நேரம். கோடையில் அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும், ஜப்பான் தள்ளிவைப்பதில்லை என்பதால், இவ்விரு நகரங்களின் நேர வேறுபாடு 17 மணியிலிருந்து 16 மணியாகக் குறையும். சேரும் நேரத்தின் அருகே +1 என்று இருந்தால் மறுநாள் என்று பொருள். வரவேற்க வருபவரிடம் தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நேரடி விமானம் இல்லாத ஊர்களுக்கு, வானில் கழியும் நேரத்தைவிட இடையில் காத்திருக்கும் நேரமே முக்கியம். ஒரே முன்பதிவில் இரு விமானங்களும் இருந்து, முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், மாற்று இருக்கை தருவது பொதுவாக நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக வாங்கினால் அந்தப் பொறுப்பு உங்களுடையது. பெட்டிகளைப் பெற்று மீண்டும் ஒப்படைக்க நேரிடலாம், அதற்காக இடைநாட்டுக்குள் நுழைய விசாவும் தேவைப்படலாம். சற்றுக் கூடுதல் விலையானாலும், முதல் சில பயணங்களுக்கு ஒரே முன்பதிவையே நான் பரிந்துரைப்பேன்.