மறு: எம்பார்கோவுக்குத் தமிழ்ல என்ன? (தடைக்காலம் / காப்புக்காலம் / பூட்டுக்காலம்)

எல்லாருக்கும் வணக்கம்,

இழை நீண்டுக்கிட்டே போகுது, பாதி பேர் கப்பலைப் பத்தியும் பாதி பேர் பத்திரிகையைப் பத்தியும் பேசிட்டிருக்கீங்க, அதனால எம்பார்கோவுக்கு, அதாவது ஒரு ஆவணத்தைக் குறிச்ச தேதி வரைக்கும் வெளிய விடாம வைக்கறதுக்கு, தமிழ்ச்சொல் எதுக்கு வேணும்னு மறுபடி சொல்லிட்டு என் கருத்துக்கு வரேன். எங்க யுனிவர்சிட்டி லைப்ரரில மாசாமாசம் ஒரு செய்தி மடல் போடறோம், புதுசா வந்த புக்கு, டேட்டாபேஸ் டிரையல், ரீடிங் ஹால் நேரம் மாறினது, ஒரே நாடு ஒரே சந்தாங்கற மத்திய அரசு ஜர்னல் திட்டத்துல எந்த ஜர்னல் எல்லாம் வருதுங்கறது, இப்படி. இனிமே தமிழ்லயும் போடணும்னு முடிவாயிருக்கு. மத்ததெல்லாம் தட்டுத் தடுமாறி வந்துருது, ரெபாசிட்டரி, அதாவது ஆய்வேடுகளை ஆன்லைன்ல சேத்து வைக்கற இடம், அந்தப் பகுதிலதான் வண்டி நிக்குது. "இந்த மாதம் எம்பார்கோ முடிந்து திறந்த ஆய்வேடுகள்"னு ஒரு தலைப்பு. இதை மெஷின் டிரான்ஸ்லேஷன்ல போட்டுப் பாத்தா "ஆய்வேட்டின் மீதான பொருளாதாரத் தடை நீக்கப்பட்டது"ன்னு வருது. மண்புழு உரத்துல பிஎச்டி முடிச்ச பொண்ணு மேல ஐநா சபை கூடித் தடை போட அது என்ன பாவம் பண்ணுச்சு?

லைப்ரரி பக்கம் இல்லாதவங்களுக்காக விஷயம் இதுதான். யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2009ல போட்ட விதிப்படி பிஎச்டி தீசிஸோட சாஃப்ட் காப்பியும் குடுக்கணும், அதை யுனிவர்சிட்டி சோத்கங்கால, அதாவது நாடு முழுக்க வர்ற தீசிஸ் எல்லாம் சேத்து வைக்கற வெப்சைட்ல, ஏத்தணும். காந்திநகர்ல இருக்கற இன்ஃபிளிப்நெட்ங்கற யுனிவர்சிட்டி லைப்ரரிகளை இணைக்கற மையம் நடத்தறது. 01_டைட்டில்ல ஆரம்பிச்சு 80_ரெகமண்டேஷன் வரைக்கும் அத்தியாயம் அத்தியாயமா பிடிஎஃப் பிரிச்சு ஏத்துவோம், ஏத்தினா யார் வேணாலும் எங்க இருந்து வேணாலும் படிக்கலாம். ஆனா சில பேர் வந்து கொஞ்ச நாள் வெளிய விடாதீங்கன்னு கேப்பாங்க. பேட்டன்ட்டுக்குப் போடப்போறேன், அதுக்குள்ள தீசிஸ் வெளிய வந்துருச்சுன்னா ஏற்கெனவே ஊருக்கே தெரிஞ்சதுன்னு தள்ளிருவாங்கம்பாங்க. தமிழ், வரலாறு பக்கத்து ஆளுங்கன்னா புக்கா போட பதிப்பகத்துல பேசிட்டிருக்கேம்பாங்க. நியாயம்தான். கைடு கையெழுத்தோட லெட்டர் குடுத்தா ஃபைலுக்கு ஒரு தேதி போடுவோம். தலைப்பு, சுருக்கம், கைடு பேரு எல்லாம் வெளிய தெரியும், உள்ள இருக்கற பிடிஎஃப் மட்டும் திறக்காது. ரெபாசிட்டரி ஓடற டிஸ்பேஸ் சாஃப்ட்வேர்ல ஃபைலைப் படிக்கற அனுமதிக்கே ஆரம்பத் தேதி ஒண்ணு குடுக்கலாம், அந்தத் தேதி வந்ததும் யாரும் கை வைக்காமலே திறந்துக்கும்.

இதுல முக்கியமானது பூட்டினது இல்ல, தேதிதான். அந்தத் தேதி சொல்லுக்குள்ள தெரியணும்ங்கறதுதான் என் கட்சி. தேதியே போடாம மூடி வச்சிருந்தா அது எம்பார்கோ கிடையாது, அது வேற வகை. ஸ்டீபன் ஹாக்கிங்கோட 1966 தீசிஸ் கேம்பிரிட்ஜ் லைப்ரரில ரொம்ப காலம் அப்படித்தான் கிடந்தது. முழுசா வேணும்னா 65 பவுண்டு கட்டி காப்பி வாங்கணும், இல்ல நேர்ல போய்ப் படிக்கணும். 2017 அக்டோபர்ல அவர் சம்மதத்தோட ஆன்லைன்ல போட்டாங்க, அன்னிக்கு வந்த கூட்டத்துல வெப்சைட்டே படுத்துருச்சு. ஆனா அங்க எந்தக் கெடுவும் முடியல, அவர் சரின்னாரு, திறந்தாங்க, அவ்வளவுதான்.

பிரின்ஸ்டன் லைப்ரரி கதை வேற. கவிஞர் டி. எஸ். எலியட் தன் தோழி எமிலி ஹேலுக்கு எழுதின 1131 கடிதத்தை அந்தம்மா 1956ல லைப்ரரிக்குக் குடுத்தாங்க, ரெண்டு பேர்ல யார் கடைசியா சாகறாங்களோ அதுல இருந்து 50 வருஷம் கழிச்சுத்தான் பிரிக்கணும்னு நிபந்தனை. எலியட் 1965ல போனாரு, அந்தம்மா 1969ல. 2020 ஜனவரி 2ல லைப்ரரி திறந்து விட்டுச்சு, ஆராய்ச்சிக்காரங்க அந்தத் தேதியைப் பல வருஷமா எண்ணிக்கிட்டு இருந்தாங்க. (அதே நாள் ஹார்வர்டு லைப்ரரி, அந்தக் கடிதங்களைப் பத்தி எலியட் முன்கூட்டியே எழுதிக் குடுத்து வச்சிருந்த பதிலை வெளிய விட்டது தனிக் கூத்து. மனுஷன் செத்து அம்பத்தஞ்சு வருஷம் கழிச்சு மறுப்பறிக்கை விடறாரு.) கம்ப்யூட்டரே இல்லாத காலத்து ஆவணம்னாலும் இது சுத்தமான எம்பார்கோ. நாம தேடற சொல் இதுக்கும் பொருந்தணும்.

இப்ப வந்த யோசனைகளுக்கு வரேன்.

> எம்பார்கோன்னே எழுதிருங்க, எல்லாருக்கும் புரியும்

யாருக்குப் புரியும் சார்? ரெபாசிட்டரி பாக்கற நாங்க ஒரு நாலு பேரு. கவுன்டருக்கு வர்ற பசங்க "ஃபைல் லாக் ஆயிருக்கு, பாஸ்வேர்டு குடுங்க"ன்னுதான் கேக்கறாங்க. பாஸ்வேர்டே கிடையாதுன்னு சொன்னா நாம மறைக்கறோம்னு நினைச்சுக்கறாங்க.

> காப்புக்காலம். கோயில் கொடைக்குக் காப்பு கட்டினா திருவிழா முடியற வரைக்கும் ஊர் எல்லை தாண்டித் தங்கக்கூடாது, அதே கணக்கு

அக்கா, இதைப் படிச்சதும் ஆஹான்னுதான் இருந்துச்சு, கட்டற நாளும் அவிழ்க்கற நாளும் ரெண்டுமே அதுல இருக்கு. ஆனா எங்க பக்கத்துல ஏற்கெனவே காப்புரிமைன்னு ஒரு சொல் குந்தியிருக்கு, அதையே சிலர் காப்பிரைட்டுக்கும் சிலர் பேட்டன்ட்டுக்கும் எழுதறாங்க, அந்தச் சண்டையே இன்னும் தீரல. காப்புக்காலம் 2027ல முடியுதுன்னு போட்டா காப்பிரைட்டே முடியுதுன்னு படிப்பாங்க. நம்ம நாட்டுல காப்பிரைட் எழுதினவர் செத்து 60 வருஷம் வரைக்கும் இருக்கு. தீசிஸ் எழுதினவர் உயிரோட இருக்கறப்ப அவர் உரிமை போயிருச்சுன்னு லைப்ரரியே நியூஸ் போட்ட மாதிரி ஆயிரும்.

> பூட்டுக்காலம். ஸ்கிரீன்லயும் பூட்டுப் படம்தானே வருது

எளிமையா இருக்கு, எனக்கும் பிடிச்சுது. ஆனா அந்தப் பூட்டுப் படம் எம்பார்கோவுக்கு மட்டும் வரல. கேம்பஸுக்குள்ள மட்டும் படிக்கற ஃபைல், லாகின் வேணுங்கற ஃபைல், நிரந்தரமா மூடினது, எல்லாத்துக்கும் அதே படம்தான். பூட்டை மொத்தத்துக்கும் பொதுச் சொல்லா வச்சுக்குவோம்.

> எம்பார்கோவே ஒழிஞ்சிட்டு வருது, செத்த பாம்புக்குப் பேர் வைக்கறீங்க

ஜர்னல் கட்டுரை பக்கம் நீங்க சொல்றது ஓரளவு உண்மை. அமெரிக்காவுல என்ஐஹெச்ங்கற அரசு மருத்துவ ஆய்வு அமைப்போட பணத்துல நடந்த ஆய்வுக்கு, கட்டுரையை எல்லாருக்கும் திறக்கறதை 2008ல இருந்து 12 மாசம் வரைக்கும் தள்ளிப் போட அனுமதி இருந்துச்சு, 2025 ஜூலைல அதையும் எடுத்துட்டாங்க. ஆனா தீசிஸ் பக்கம் பேட்டன்ட் இருக்கற வரைக்கும், புக்கு போடற ஆசை இருக்கற வரைக்கும் லெட்டர் வந்துக்கிட்டேதான் இருக்கும்.

என் ஓட்டு தடைக்காலத்துக்குத்தான். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் நம்ம கிழக்குக் கடற்கரைல மீன்பிடித் தடைக்காலம். வஞ்சிரம் விலை ஏறுதுன்னு வீட்டுல முணுமுணுக்கறதுல இருந்து டிவி நியூஸ் வரைக்கும் எல்லாரும் சொல்ற சொல், மீனையே தடை பண்ணிட்டாங்கன்னு ஒருத்தரும் நினைக்கறதில்ல, தேதி வந்தா படகு கிளம்பும்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விசைப்படகுக்குத்தான் தடை, நாட்டுப்படகு போய்ட்டுதான் இருக்கும், இங்கயும் அதே மாதிரி பிடிஎஃப் மட்டும்தான் நிக்குது, சுருக்கம் வெளிய ஓடிக்கிட்டு இருக்கு. இன்னொண்ணு, எம்பார்கோங்கற சொல்லே ஸ்பானிஷ்காரன் துறைமுகத்துல கப்பலைக் கிளம்பவிடாம நிறுத்தினதுல இருந்து வந்தது, அப்ப படகைக் கட்டி வச்ச நம்ம சொல் ஒண்ணும் அசலை விட்டு விலகிப் போகல. வாக்கியத்துலயும் முரண்டு பிடிக்காம உக்காருது: தடைக்கால நீட்டிப்பு, தடைக்காலம் முடிந்த ஆய்வேடுகள். வெறும் "தடை"ன்னு மட்டும் எங்கயும் எழுதக்கூடாது. தடை செய்யப்பட்ட நூல்னு ஒரு வகை நிஜமாவே இருக்கு, அதுல போய் நம்ம மண்புழு தீசிஸ் மாட்டிக்கும்.

இப்படி முடிச்சிரலாம்னு இருந்தப்பதான் யாழ்ப்பாணத்து நண்பரோட மடல் வந்துச்சு.

> தடை எண்டு கேட்டாலே எங்களுக்கு மண்ணெண்ணெயும் பற்றரியும்தான் நினைவுக்கு வருது. மீன்பிடித் தடையும் எங்களுக்குச் சீசன் கணக்கு இல்லை, ஆமி கணக்கு. லைப்ரரி ஸ்கிரீனிலையும் அந்தச் சொல் வேணுமே?

இதுக்கு வாதாட முடியாதுங்க. தொண்ணூறுகள்ல அங்க பொருளாதாரத் தடைல மண்ணெண்ணெய்க்கும் பேட்டரிக்கும் பட்ட பாட்டை, அதைப் படாத நான் பரவாயில்லைன்னு சொல்லக்கூடாது. காலம்னு ஒரு ஒட்டு சேத்தா சரியாப் போச்சுன்னு சொல்றதும் ஒப்பேத்தறதுதான்.

அதனால அவர் கேள்வியையே புடிச்சு யோசிச்சுப் பாத்தேன், ஸ்கிரீன்ல அந்தப் பெயர்ச்சொல் எதுக்குங்க? படிக்க வர்றவருக்கு வேண்டியது ஒரு தேதி. இப்ப டிஸ்பேஸ்ல காட்டற "எம்பார்கோ: 2027-06-30"ங்கற வரிக்குப் பதிலா "திறக்கும் நாள்: 30 ஜூன் 2027"ன்னு போடுவோம். கீழ ஒரு பட்டன் இருக்கு, அதை அழுத்தினா எழுதினவருக்கு மெயில் போகும், அவர் இஷ்டப்பட்டா காப்பி அனுப்புவாரு, அதுக்கு "ஆசிரியரிடம் படி கேட்க"ன்னு வைக்கலாம். மடல்லயும் தலைப்பை "இந்த மாதம் திறந்த ஆய்வேடுகள்"னு சுருக்கினா போதும், எம்பார்கோ அந்த வரில சும்மா தொங்கிட்டிருந்தது. தடைக்காலம்ங்கறது விதிமுறை ஆவணத்துலயும், நீட்டிப்பு கேக்கற படிவத்துலயும், நமக்குள்ள பேசிக்கறப்பவும் மட்டும் வரட்டும். டிஸ்பேஸ் தமிழாக்கத்தோட இலங்கைப் பதிப்புல அங்கயும் வேற சொல் வேணும்னா அதை அவங்களே முடிவு பண்ணட்டும், மொழிபெயர்ப்பு ஃபைல் தனித்தனியாதான இருக்கு, ஒரு வரி மாத்தினா போச்சு.

ஜேஸ்டோர்ங்கற ஆன்லைன் ஜர்னல் தொகுப்புல வர்ற மூவிங் வால் பத்தி ஒருத்தர் கேட்டிருந்தீங்க. அது எம்பார்கோவோட தம்பி மாதிரி தெரியும், ஆனா வேற. ஒரு இதழோட கடைசி மூணு வருஷமோ அஞ்சு வருஷமோ அதுல வராது, புது வருஷம் பொறந்தா அந்த எல்லை ஒரு வருஷம் முன்னால நகரும். ஒரு கட்டுரை திறந்தா அடுத்தது பின்னாடியே உள்ள போய் உக்காந்துக்கும், அதனால அந்த இதழுக்கு இது முடியறதே இல்ல. தடைக்காலம்னு போட்டா தப்பு. "நகரும் சுவர்"னு ஒருத்தர் எழுதியிருந்தீங்க, பேய்ப்படம் மாதிரி இருக்குங்க. நகர்வரம்புன்னு வைக்கலாமா? இதுல எனக்கு அவ்வளவு பிடிவாதம் இல்ல, நல்லதா வந்தா மாத்திக்கலாம்.

பத்திரிகைக்காரங்களோட எம்பார்கோவை இதுல சேக்க வேணாம். அங்க செய்தி கைக்கு வந்துருது, சொன்ன நேரத்துக்கு முன்னால போடக்கூடாது, அவ்வளவுதான். இங்க கைக்கே வர்றதில்ல. அதுக்கு அவங்க ஒரு சொல் பாத்துக்கட்டும்.

மடல் வெள்ளிக்கிழமை லேஅவுட்டுக்குப் போகுது. "திறக்கும் நாள்" யாருக்காவது ஒத்து வரலைன்னா அதுக்குள்ள சொல்லுங்க, வேணாம்னு மட்டும் எழுதாம மாத்துச் சொல்லோட வாங்க. ரெபாசிட்டரிக்குக் களஞ்சியம்னு ஏற்கெனவே முடிவாயிருச்சு, அதைத் திரும்பக் கிளறாதீங்க ஐயா. மெட்டாடேட்டாங்கற சொல்லுக்குத் தமிழ் வேணும்னா வேற இழை தொடங்குங்க, இதுல இழுத்தீங்கன்னா பொங்கலுக்குத்தான் மடல் வரும்.

அன்புடன்,
ரெபாசிட்டரி பிரிவுல இருந்து