புதுப்பிப்பு: நின்றுபோன மோட்டார் சுற்றுகிறது!

9 வயது மகளுக்கு வாங்கிய மோட்டார் செட்டில் கம்பிச்சுருள் லேசாக ஆடிவிட்டு நின்றுவிடுகிறது, ஏன் என்று போன வாரம் கேட்டிருந்தேன். பேட்டரியாக இருக்கும் என்றீர்கள். புதிய 1.5 வோல்ட் பேட்டரி போட்டும் அதே கதைதான்.

கோளாறு கம்பி முனையில் இருந்தது. இரண்டு முனையிலும் எனாமலை (மின்சாரம் கடக்காமல் தடுக்கும் மேல்பூச்சு) முழுக்கச் சுரண்டியிருந்தோம். செட்டோடு வந்த தாளிலும் அப்படித்தான் படம். உண்மையில் ஒரு முனையை மட்டுமே முழுக்கச் சுரண்ட வேண்டும். மற்றதில், சுருளைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு மேல்பாதியை மட்டும். முழுக்கச் சுரண்டினால், காந்தத்தால் வரும் விசை முதல் அரைச் சுற்றில் முன்னே தள்ளி, அடுத்த அரைச் சுற்றில் பின்னே இழுத்துவிடும். பாதி எனாமல் இருந்தால் அந்த நேரத்தில் மின்சாரம் நின்று, சுருள் தன் வேகத்திலேயே மீதியைக் கடக்கும். நேர்மின்சாரத்தில் (டி.சி.) ஓடும் பல மோட்டார்களில் இந்தப் பின்னிழுப்பைத் தவிர்க்கத்தான் கம்யூட்டேட்டர் என்ற பாகம்; அது ஒவ்வொரு அரைச் சுற்றிலும் சுருளில் மின்சாரத்தின் திசையை மாற்றிவிடும்.

சரி என்று புதுக் கம்பியில் 10 சுற்று சுற்றி, இரண்டு ஊக்குகளில் மாட்டி, விரலால் ஒரு தட்டு. அப்புறம் நிற்கவே இல்லை! காந்தத்தைப் புரட்டி வைத்தால் எதிர்ப்பக்கம் சுற்றும் என்று அவளே கண்டுபிடித்துக் கத்தினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

செய்து பார்ப்பவர்கள் பேட்டரியை அதிக நேரம் இணைத்தே வைக்காதீர்கள், கம்பி நன்றாகவே சுடுகிறது.