புதுப்பிப்பு: ஜின், எலுமிச்சை, புதினா – ஷேக்கர் இல்லாமலே ஆச்சு

கொழிஞ்சாம்பாறையில் காக்டெயில் குலுக்கும் ஷேக்கருக்கு எங்கே போவது, ஜின்னில் எலுமிச்சையும் புதினாவும் சேர்த்து வீட்டிலேயே எப்படிக் கலப்பது என்று கேட்டிருந்தேன். பலரும் சவுத்சைடு என்ற காக்டெயிலைக் கைகாட்டினீர்கள். செய்தாச்சு, அருமை.

ஜின் 60 மி.லி., எலுமிச்சைச் சாறு 30, சர்க்கரைப் பாகு 20. கம்பிப் பதமெல்லாம் வேண்டாம். சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு, கரைந்ததும் இறக்கி ஆறவிடலாம்.

புதினாவை இடிக்கச் சொன்ன அண்ணா மன்னிக்கவும். இலை நைந்தால் கசப்பு இறங்கிவிடும். உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டு தட்டினால் வாசம் தானாக எழும்பும்.

ஷேக்கருக்குப் பதில் திருகுமூடி பாட்டில். (ஊறுகாய் இருந்த பாட்டிலை எடுத்துவிடாதீர்கள்!) ஐஸ் நிறையப் போட்டு, பாட்டில் வெளியே வியர்த்துக் கை விறைக்கும்வரை குலுக்கி, டீ வடிகட்டியில் வடித்தால் தம்ளரில் இலைத் துணுக்கு விழாது.

அப்புறம் யாரும் சொல்லாத ஒன்று: நார்த்தை இலை. வேப்பிலைக்கட்டிக்கு இடிப்போமே, அதேதான். நடு நரம்பை உரித்துவிட்டு, ஒரு கொழுந்தைக் கிள்ளிப் பாட்டிலில் போட்டேன். ஜின்னில் இருக்கும் ஜூனிபர் வாசனையோடு அது அப்படியே ஒட்டிக்கொள்கிறது. புதினாவைவிட எனக்கு இதுதான் பிடித்தது. துளசி சுமார்தான், கஷாய நெடி.