மக் கேக்: மேலே ரப்பர், அடியில் பச்சை மாவு. நேரமா, அளவா, எது தப்பு?

கேள்வி (இரவுப்பசி)

வணக்கம். ஒரு ஆளுக்கு மட்டும் மைக்ரோவேவில் மக் கேக் செய்கிறேன். எல்லோரும் சொல்லும் அளவுதான்: மைதா 4 டேபிள்ஸ்பூன், சர்க்கரை 3, கோகோ பவுடர் 2, பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், ஒரு முட்டை, பால் 3 டேபிள்ஸ்பூன், எண்ணெய் 2. எல்லாவற்றையும் மக்கிலேயே கொட்டி, கட்டி இல்லாமல் நன்றாக அடித்து, ஹையில் இரண்டு நிமிடம்.

உள்ளே இருக்கும்போது அழகாகத்தான் எழும்புகிறது. அப்புறம் விளிம்பைத் தாண்டி ஒரு பக்கமாக வழிந்து கண்ணாடித் தட்டில் ஒட்டிக்கொள்கிறது. எடுத்துப் பார்த்தால் மேலேயும் ஓரத்திலும் ரப்பர். ஸ்பூனால் அழுத்தினால் குழி விழுந்து உடனே திரும்ப எழுகிறது. அடியில் நடுவிலோ பச்சை மாவு. அது வேகட்டும் என்று இன்னும் 30 நொடி வைத்தால் அடி வெந்துவிடுகிறது, மேலே பல் இறங்குவதில்லை. ஆறிப்போனால் கேட்கவே வேண்டாம்.

நேரத்தைக் கூட்டினால் ரப்பர், குறைத்தால் மாவு. நடுவில் சரியான இடம் ஒன்று உண்டா, இல்லை மக் கேக் என்றாலே இப்படித்தானா? மக் உயரமான காபி மக். மைக்ரோவேவ் பின்னால் 1200 வாட் என்று போட்டிருக்கிறது.

பதில் (மாவுச்சல்லடை)

எனக்கு முதல் சந்தேகம் முட்டை மேல்தான். 4 டேபிள்ஸ்பூன் மைதா சுமார் 30 கிராம் வரும். ஓடு நீக்கிய முட்டை ஒன்று சுமார் 50 கிராம். சாதாரண வெண்ணெய் கேக்கில் மாவும் முட்டையும் ஏறக்குறைய சம எடையில் போகும். உங்கள் மக்கில் முட்டைதான் முதலாளி, மாவு வேலைக்காரன். முட்டையின் புரதம் 60, 70 டிகிரியிலேயே இறுகத் தொடங்கிவிடும். அதற்கு மேல் சூடு ஏற ஏற, உள்ளே இருக்கும் ஈரத்தைப் பிழிந்து வெளியே தள்ளிவிட்டு இன்னும் இறுகும். ஸ்பூனை எதிர்த்து எழுகிறதே, அது அந்த இறுக்கம்தான்.

முட்டையை விட்டுவிடுங்கள். மைதா 4, சர்க்கரை 2, கோகோ ஒன்றரை, பால் 4, எண்ணெய் 2, எல்லாமே டேபிள்ஸ்பூன் கணக்கு. ஒரு சிட்டிகை உப்பு. பேக்கிங் பவுடர் கால் டீஸ்பூன் போதும். நீங்கள் போடும் அரை டீஸ்பூன் இந்த மாவுக்கு இரட்டிப்பு. வழிவதற்கு அதுவும் ஒரு காரணம். ஸ்பூனைத் தூக்கினால் மாவு நாடாவாக விழ வேண்டும், கட்டியாகத் தொங்கினால் இன்னொரு ஸ்பூன் பால்.

இன்னொன்று, டேபிள்ஸ்பூன் என்றால் 15 மில்லி அளவு ஸ்பூன். சாப்பிடும் ஸ்பூன் ஒன்றுக்கொன்று அளவு மாறும். பெரிய கேக்கில் இந்த வித்தியாசம் தெரியாது, ஒரு மக்கில் நன்றாகவே தெரியும்.

பதில் (கோகோப்பிரியர்)

முட்டையே இல்லாவிட்டால் கேக் உதிர்ந்து போகாதா? நான் முட்டை போட்டுத்தான் செய்கிறேன், நன்றாகவே வருகிறது.

பதில் (மாவுச்சல்லடை)

உதிராது. மக்கிலிருந்தே ஸ்பூனால் சாப்பிடப் போகிறோம், துண்டு போட வேண்டிய வேலை இல்லை. இந்தச் சின்ன அளவைப் பிடித்து வைக்க மைதாவின் பிசினே போதும். முட்டை இல்லாமல் முடியாது என்பவர்கள் மஞ்சள் கருவை மட்டும் போட்டு, பாலை 3 ஸ்பூனாகக் குறைக்கலாம். மஞ்சள் கருவில் கொழுப்பு இருப்பதால் மென்மை கூடும். இறுக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம் வெள்ளைக் கரு.

பதில் (பழைய அடுப்பு)

முட்டை ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த 1200 வாட்டை யாரும் கேட்கவில்லையே? அது மின்சாரத்தில் இருந்து இழுக்கும் அளவாக இருக்கும். உணவுக்குப் போய்ச் சேருவது அதைவிடக் குறைவு. அதே ஸ்டிக்கரில் அவுட்புட் என்று இன்னொரு வரி இருக்கும், 700, 800, 900 என்று. செய்முறைகளில் சொல்லும் வாட் அதுதான். 1000 வாட்டுக்கு எழுதிய நேரத்தை 700 வாட்டில் வைத்தால் மாவு மிஞ்சும், மாற்றி வைத்தால் காய்ந்துபோகும்.

ஸ்டிக்கர் அழிந்திருந்தால் இப்படிக் கண்டுபிடிக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரைப் பெரிய கிண்ணத்தில் ஊற்றி வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹையில் சரியாக ஒரு நிமிடம். எடுத்ததும் கலக்கிவிட்டு மறுபடி அளந்து, எத்தனை டிகிரி செல்சியஸ் ஏறியதோ அதை 70-ஆல் பெருக்குங்கள். 28-இல் இருந்து 39-க்கு வந்தால் 11 டிகிரி, ஆக சுமார் 770 வாட். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 4200 ஜூல் வேண்டும், அதை 60 நொடியால் வகுத்தால் வருவதுதான் இந்த 70. சமையலறை தெர்மாமீட்டர் வேண்டும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இந்த வேலைக்கு ஆகாது.

எதுவானாலும் இரண்டு நிமிடம் ஒரே மூச்சில் வைக்காதீர்கள். 800 வாட் என்றால் 60 நொடி வைத்துப் பாருங்கள், அப்புறம் பத்துப் பத்து நொடியாக. கதவைத் திறந்தால் அமுங்கிவிடுமோ என்ற பயம் வேண்டாம். நிறுத்தியதும் உள்ளே இருக்கும் ஆவி அடங்கி, எப்படியும் கொஞ்சம் அமுங்கத்தான் செய்யும்.

பதில் (கோகோப்பிரியர்)

கன்வெக்ஷன் மோடில், அதாவது சூடான காற்றில் வேகவைக்கும் முறையில், 180 டிகிரி வைத்தால் ரப்பர் ஆகாதே?

பதில் (பழைய அடுப்பு)

ஆகாது, ஆனால் அது வேறு சமையல். முன்கூட்டியே சூடாக்கி, அப்புறம் பல நிமிடம் காத்திருக்க வேண்டும், மக்கும் அடுப்புச் சூட்டைத் தாங்குவதாக இருக்க வேண்டும். ஒரு நிமிடக் கேக் கேட்டு வந்தவருக்கு அதைச் சொன்னால் திட்டுவார்.

பதில் (மாவுச்சல்லடை)

மக்கைப் பற்றியும் கொஞ்சம். மைக்ரோவேவ் அலை உணவுக்குள் ஓரிரு சென்டிமீட்டர் வரைதான் வலுவாக இறங்கும், அதற்கு உள்ளே சூடு மெல்லத்தான் நகரும். உயரமான மக்கில் ஓரமும் மேலும் வெந்து முடிந்த பிறகும் அடி நடு காத்துக்கொண்டே இருக்கும். வாய் அகன்ற, 300 முதல் 350 மில்லி பிடிக்கும் கோப்பை அல்லது சின்னக் கிண்ணம் எடுங்கள். மாவு பாதிக்கு மேல் நிற்கக் கூடாது. தங்கக் கோடு போட்டதெல்லாம் வேண்டாம், பொறி பறக்கும்.

சுழல்தட்டின் நட்ட நடுவிலும் வைக்காதீர்கள். நடுவில் இருப்பது நின்ற இடத்திலேயேதான் சுற்றும். உள்ளே அலை எல்லா இடத்திலும் ஒரே அளவு இருக்காது. ஓரமாக வைத்தால் சூடான இடம், சூடு குறைந்த இடம் எல்லாவற்றையும் கடந்து போகும்.

பச்சை மாவு என்று நீங்கள் சொல்வதில் ஒரு பகுதி கலக்காத மாவாகவும் இருக்கலாம். மக்கின் அடி மூலையில் மைதா ஒட்டிக்கொண்டு கிடக்கும், ஸ்பூன் அங்கே போகாது. தனிக் கிண்ணத்தில் முதலில் உலர்ந்ததை எல்லாம் கலந்து, பிறகு பால், எண்ணெய் ஊற்றி, வெள்ளை மாவு கண்ணில் படாமல் போகும் வரை மட்டும் கலக்குங்கள். "நன்றாக அடித்து" என்று எழுதியிருக்கிறீர்கள். ஈரம் பட்ட மைதாவை அடிக்க அடிக்க அதன் புரதமான குளூட்டன் இழை கட்டும், அதுவும் இழுவையாகத்தான் வரும். சின்னச் சின்னக் கட்டி இருந்தால் இருக்கட்டும்.

இரவுப்பசி

அவுட்புட் 800 என்று இன்னொரு வரி இருந்தது! அகலமான கோப்பையில், முட்டை இல்லாமல், நீங்கள் சொன்ன அளவில் செய்தேன். தட்டின் ஓரத்தில் வைத்து 60 நொடி, பிறகு 10. வழியவில்லை, மெத்தென்று இருக்கிறது. ஆனால் எடுத்தபோது நடுவில் ஒரு நாணயம் அளவுக்கு ஈரமாகப் பளபளத்தது. பயந்து இன்னொரு 10 நொடி வைத்தேன், அந்த இடம் போய்விட்டது, ஓரம் கொஞ்சம் இறுகியது. எப்போது நிறுத்துவது? அப்புறம் மேலே சிவக்கவே இல்லையே?

பதில் (பழைய அடுப்பு)

அந்தப் பளபளப்பில்தான் நிறுத்த வேண்டும். வெளியே எடுத்து ஒரு நிமிடம் சும்மா விடுங்கள். ஓரத்துச் சூடு உள்ளே நகர்ந்து நடுவை வேகவைத்துவிடும். அதற்குப் பிறகு பல்குத்தியைக் குத்திப் பாருங்கள். ஈரத் துகள் ஒட்டினால் சரி, வழவழவென்று மாவு ஒட்டினால் இன்னும் 10 நொடி. எடுத்த கையோடு குத்திப் பார்த்தால் எப்போதும் வேகாத மாதிரிதான் காட்டும். அதை நம்பித்தான் பலரும் நேரத்தைக் கூட்டிக் கெடுக்கிறார்கள்.

சிவக்காது. மேற்புறம் ஈரமாக இருக்கும்வரை சூடு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. நன்றாகச் சிவக்க அதைவிட அதிகச் சூடு வேண்டும். கோகோ போட்டால் நிறக்குறை தெரியாது, வெனிலா கேக் என்றால் வெளிறித்தான் இருக்கும்.

இரவுப்பசி

நிமிடம் விட்டேன், சரியாக வந்தது. கொஞ்சம் மீதி வைத்து அரை மணி கழித்துச் சாப்பிட்டால் மட்டும் இறுகிவிடுகிறது.

பதில் (மாவுச்சல்லடை)

அதை முழுக்கத் தடுக்க முடியாது. மைக்ரோவேவில் ஈரம் வேகமாக ஆவியாகும். ஆறும்போது மாவுச்சத்தும் திரும்ப இறுகும். எண்ணெயை வெண்ணெயாக மாற்றாதீர்கள், வெண்ணெய் ஆறினால் உறைந்து இன்னும் கெட்டியாக்கும். மீதியின் மேல் ஒரு ஸ்பூன் பால் விட்டு 10 நொடி சூடாக்கினால் ஓரளவு இளகும். அதை உடனே முடித்துவிடுங்கள், இரண்டாவது முறை ஆறினால் தேறாது.

நடு ஈரம்தான் பிடிக்கும் என்றால் மாவை வேகாமல் விட வேண்டாம், பச்சை மைதா சாப்பிடுவதற்கில்லை. கலந்த மாவின் நடுவில் ஒரு சாக்லேட் துண்டை அழுத்தி வையுங்கள். கேக் வெந்திருக்கும், நடு மட்டும் உருகி ஓடும். அந்த உருகிய சாக்லேட் கொதிப்பாக இருக்கும், முதல் ஸ்பூனை ஊதிச் சாப்பிடுங்கள்.

பதில் (கோகோப்பிரியர்)

பவரை 70 சதவீதம் வைத்து நேரத்தைக் கூட்டினால் இன்னும் மென்மையாக வருகிறது எனக்கு.

பதில் (பழைய அடுப்பு)

வரலாம். பவரை விடாமல் குறைத்தே தரும் இன்வெர்ட்டர் வகை மைக்ரோவேவ் இல்லாவிட்டால் 70 சதவீதம் என்பது முழு பவரையே விட்டுவிட்டுப் போடுவதுதான். காதை வைத்துக் கேட்டால் உறுமல் நின்று நின்று வருவது தெரியும். நின்றிருக்கும் நேரத்தில் சூடு உள்ளே பரவுகிறது. பத்துப் பத்து நொடியாக வைப்பதும் ஏறக்குறைய அதே வேலைதான்.

இரவுப்பசி

கடைசியாக ஒன்று. வீட்டில் இன்னொருவரும் கேட்கிறார். இரண்டு மக்கை ஒன்றாக வைத்து நேரத்தை இரட்டிப்பாக்கினால் போதுமா?

பதில் (பழைய அடுப்பு)

வேண்டாம். சக்தி இரண்டுக்கும் பிரிந்து போகும், அதுவும் சமமாகப் பிரியாது. ஒன்று வெந்திருக்கும்போது இன்னொன்று கொழகொழவென்று நிற்கும். மாவை மொத்தமாகக் கலந்து இரண்டு கோப்பையில் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாக வையுங்கள். பேக்கிங் பவுடர் போட்ட மாவு இரண்டு நிமிடம் காத்திருந்தால் ஒன்றும் ஆகாது. முதல் கோப்பை ஆறும் நேரத்தில் இரண்டாவது வெந்துவிடும்.