பொண்ணு காலிகட் யுனிவர்சிட்டி ஜெர்சி போடப்போறா. அந்த டீமோட கதை தெரிஞ்சவங்க சொல்லுங்க

கொழிஞ்சாம்பாறை அப்பா:
வணக்கம்ங்க. கேரளாவுல பாலக்காடு ஜில்லா, தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கற தமிழ்க் குடும்பம் நாங்க. நமக்குத் தென்னந்தோப்பு விவசாயம். பொண்ணு பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம், இப்ப சித்தூர் கவர்மென்ட் காலேஜ்ல பி.ஏ. தமிழ் படிக்கறா. 400 மீட்டர் ஹர்டில்ஸ், அதாவது தடை தாண்டற ஓட்டம், ஓடறா. இன்டர் காலேஜ் மீட்ல மெடல் வாங்கினதும் யுனிவர்சிட்டி கேம்ப்புக்குப் பேர் வந்திருக்கு. காலிகட் யுனிவர்சிட்டி இருக்கற தேஞ்ஞிப்பலம் போகணும்.

வீட்ல நாலு நாளா இதே பேச்சு. என் மச்சான் பொள்ளாச்சி. "புள்ளைய இந்தப் பக்கம் சேர்த்துவிடு, பாரதியார் யுனிவர்சிட்டிக்கு ஓடட்டும். மலையாளத்துக்காரங்க டீம்ல நம்ம புள்ளைக்கு என்ன வேலை"ங்கறார். பொண்ணு எதுவும் பேசறதில்ல. கேம்ப் லெட்டரை நன்னூல் புஸ்தகத்துக்குள்ள வெச்சிருக்கா, படிக்கறப்ப எடுத்து எடுத்துப் பார்க்கறா. அந்த டீம் எப்படி, அதுல நம்மாளுங்களுக்கு இடம் உண்டா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வேலந்தாவளம் பி.டி. மாஸ்டர்:
தம்பி, மொதல்ல அந்தப் புள்ளைக்கு என் ஆசீர்வாதம். கண்டிப்பா அனுப்புங்க.

மச்சான் சொல்றதுக்குப் பழைய கதையிலயே பதில் இருக்கு. ஒரு காலத்துல பாலக்காடு மெட்ராஸ் மாகாணத்து மலபார் ஜில்லா, சித்தூர் கொச்சி சமஸ்தானம். பாலக்காடு விக்டோரியா காலேஜ் ஆகட்டும், 1947ல ஆரம்பிச்ச உங்க பொண்ணு காலேஜ் ஆகட்டும், மெட்ராஸ் யுனிவர்சிட்டிக்குக் கீழதான் இருந்துச்சு. கோயமுத்தூர் காலேஜுகளும் அதே யுனிவர்சிட்டிதான். அன்னைக்கு பாலக்காட்டுப் பையனும் கோயமுத்தூர்ப் பையனும் செலக்ட் ஆனா ரெண்டு பேர் நெஞ்சுலயும் மெட்ராஸ்னு ஒரே பேர்தான் இருக்கும். 1956ல மாநிலம் பிரிஞ்சது. 1957ல கேரளா யுனிவர்சிட்டி, 1968ல காலிகட். மச்சான் சொல்ற பாரதியார் வந்தது 1982ல. கோடு மாறிக்கிட்டேதான் வந்திருக்கு. எந்தக் கோட்டுக்கு உள்ள இருந்தாலும் நம்ம பசங்க ஓடியிருக்காங்க.

காலிகட்டுக்குன்னு ஒரு பேர் வந்தது ஃபுட்பால்ல. யுனிவர்சிட்டி ஆரம்பிச்ச மூணாவது வருஷம், 1971ல, இந்தியா பூராவும் இருக்கற யுனிவர்சிட்டிகள் மோதற அசுதோஷ் முகர்ஜி ஷீல்டை ஜெயிச்சாங்க. கேப்டன் கோல்கீப்பர் விக்டர் மஞ்ஞிலா. 1973ல எர்ணாகுளத்துல மாநிலங்கள் மோதற சந்தோஷ் டிராஃபியைக் கேரளா மொத மொதல்ல வாங்கின டீம்லயும் அவர் இருந்தார். அதனாலதான் மலபார்ல இன்னைக்கும் ஒருத்தரைக் காட்டி "யுனிவர்சிட்டி ப்ளேயர்"னு சொன்னா டீக்கடையில இடம் விட்டு உட்காருவாங்க. அந்த மரியாதைய நான் கண்ணால பார்த்திருக்கேன்.

ஆனா உங்க பொண்ணு தெரிஞ்சுக்க வேண்டிய கதை வேற. அவ ஓடற அதே 400 ஹர்டில்ஸ். எம்.டி. வல்சம்மா கண்ணூர்க்காரங்க, படிக்க வந்தது பாலக்காடு மெர்சி காலேஜுக்கு. ஏ.கே. குட்டி சார்கிட்டப் பயிற்சி. 1979ல புனேயில நடந்த இன்டர் யுனிவர்சிட்டி மீட்ல அஞ்சு போட்டி சேர்ந்த பென்டத்லான்ல ஜெயிச்சாங்க. 1982ல டெல்லி ஆசியாட்ல 400 ஹர்டில்ஸ் தங்கம், 58.47 செகண்ட். அதுக்கு முன்னாடி ஆசிய விளையாட்டு ஓட்டப்பந்தயத்துல தனியா ஓடித் தங்கம் வாங்கின இந்தியப் பொண்ணுங்க கமல்ஜீத் சந்து, கீதா ஜுட்ஷி ரெண்டு பேர்தான். ஒலிம்பிக்ல பெண்களுக்கு இந்த ரேஸ் வந்ததே 1984ல, அதுல 55.42ல ஓடி, ஒரு செகண்டுல நூத்துல ஒரு பங்குல வெண்கலத்தை விட்ட பி.டி. உஷாவும் மெர்சியில படிச்சவங்கதான்.

பத்து ஹர்டில். மொத ஹர்டிலுக்கு 45 மீட்டர், நடுவுல 35 மீட்டர், கடைசியா 40. உயரம் முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் மேல. ஏழாவது ஹர்டில் தாண்டும்போது தொடை கல்லு மாதிரி ஆயிடும், அங்கதான் ஸ்டெப் கணக்கு குலையும். நிறையப் பசங்க அந்த இடத்துல கால் மாத்தத் தெரியாம நின்னு தாண்டுவாங்க. ரெண்டு கால்லயும் தாண்டிப் பழகச் சொல்லுங்க. இந்த ரேஸ்ல இவ்வளவு பேர் எடுத்த மண்ணை விட்டுட்டு எங்க அனுப்பப் போறீங்க?

வடகரப்பதி அக்கா:
அண்ணா, நானும் நம்ம பக்கத்துப் பொண்ணுதான், தமிழ் மீடியம். காலிகட்டுக்கு 4x100 ரிலே ஓடினேன். மலையாளம் காதுல விழுந்தா முழுசாப் புரியும், வாயத் திறக்கத்தான் தயக்கமா இருந்துச்சு. மெஸ்ல மட்டை அரிசிச் சோறு, ஆரம்பத்துல தொண்டையில இறங்கல. ரூம்ல வயநாட்டுப் பொண்ணு, மஞ்சேரிப் பொண்ணு, நான்.

நாலு பேர்ல நான் மூணாவதா ஓடணும், எனக்கு வளைவு. கை மாத்தற குச்சியை, பேட்டனை, வலது கையில வாங்கணும். திரும்பிப் பார்க்கக் கூடாது. அடையாளம் வெச்ச இடத்தைப் பின்னாடி வர்ற பொண்ணு தொட்டதும் கிளம்பணும், அவ கத்தினதும் கையை நீட்டணும். அந்த வயநாட்டுப் பொண்ணோட குரலை எத்தனை கூட்டத்துலயும் பிரிச்சுக் கேட்பேன். நீ தமிழா, மலையாளியான்னு அங்க ஒருத்தரும் என்னைக் கேட்டதில்ல. என்ன டைம்னுதான் கேட்டாங்க. அந்த ஜெர்சியை நான் இன்னும் யாருக்கும் கொடுக்கல.

பொள்ளாச்சி ஸ்பிரின்டர்:
சார், நான் பாரதியாருக்கு ஓடறேன், எங்க டீமும் நல்ல டீம்தான். மாமா ஆசைப்படறதுல தப்பில்ல. ஆனா பொண்ணு உழைச்சு வாங்கின எடத்தை விடச் சொல்லாதீங்க. கோட்டயம் எம்.ஜி. யுனிவர்சிட்டி, காலிகட் பொண்ணுங்க வார்ம்-அப் பண்ண வந்தாலே நாங்க எல்லாம் கேலரியில நின்னு பார்ப்போம்.

கொழிஞ்சாம்பாறை அப்பா:
மாஸ்டர், அம்மிணி, தம்பி, ரொம்ப நன்றிங்க. சாப்பாட்டு நேரத்துல சத்தமாப் படிச்சேன். வல்சம்மா கதை வந்ததும் மச்சான் மறுபடியும் படிக்கச் சொன்னார். திங்கக்கிழமை பாலக்காட்டுல பஸ் ஏத்தறது அவரேதானாம். இவ இதுவரைக்கும் மண் டிராக்லதான் ஓடியிருக்கா. ஸ்பைக்ஸ், அந்த ஆணி வெச்ச ஷூ, புதுசா வாங்கணுங்களா?

வேலந்தாவளம் பி.டி. மாஸ்டர்:
ஷூ நல்லா இருந்தா அதே போதும், பழகின ஷூதான் நல்லது. ஆணியை மட்டும் மாத்துங்க. சிந்தெட்டிக் டிராக்ல 9 மில்லிமீட்டருக்கு மேல விட மாட்டாங்க, 6 போட்டா போதும். ஆணி கழட்டற சாவியும் நாலஞ்சு ஆணி எக்ஸ்ட்ராவும் பையில வெச்சு அனுப்புங்க.